கணப்படுப்பு சொல்லும் கதை

1952 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆம் நாள், வெள்ளிக்கிழமை. லண்டன் மாநகரின் மேல் இறங்கிய மூடுபனி அடுத்த செவ்வாய்க்கிழமை வரை விலகவே இல்லை. மஞ்சளும் கறுப்பும் கலந்த நிறம். கந்தகம் எரியும் நெடி. சில இடங்களில் நடந்து செல்பவருக்குத் தம் பாதங்களே தெரியவில்லை. பேருந்துகள் நின்றன. நிலத்தடி ரயில் மட்டும் ஓடியது. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடந்துகொண்டிருந்த இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. பனி அரங்கினுள்ளும் புகுந்துவிட்டிருந்தது. கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறின, சில மாண்டன.

லண்டன் மக்கள் இதைப் பெரிதாக எண்ணவில்லை. குளிர்காலப் பனி அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. காற்று வீசிப் பனி கலைந்த பின்னர், இறப்புப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. வழக்கமாக இறப்போரைவிடச் சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்திருந்தனர். முதியோர், கைக்குழந்தைகள், இதய நோயும் மூச்சுக்குழல் நோயும் உடையோர் இவர்களுள் மிகுதி. அடுத்து வந்த மாதங்களிலும் இறப்பு குறையவில்லை. அதற்கு இன்ஃப்ளுவென்சா காய்ச்சலே காரணம் என்று அரசு கூறிவிட்டது. 2001 இல் மிஷல் பெல், டெவ்ரா டேவிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் பழைய கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து, மொத்த உயிரிழப்பு 12,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டனர்.

இத்தனை உயிர்களைக் கொண்டுசென்ற புகை எங்கிருந்து வந்தது? பெரிய தொழிற்சாலைகளிலிருந்து என்றுதான் நாம் உடனே நினைப்போம். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் லண்டன் காற்றைக் கறுப்பாக்கியதில் முதன்மையான இடம் வீடுகளுக்கே உரியது. ஒவ்வொரு வீட்டிலும் எரிந்த ஒரு சிறு நெருப்பு, இலட்சக்கணக்கான வீடுகளில் எரிந்தபோது கொலைநெருப்பாயிற்று. அந்த நெருப்பின் வரலாறு நம் வீடுகளுக்கும் ஒரு பாடம்.

காடு குறைந்தது, கரி வந்தது

குளிர்நாட்டு வீடுகளில் அறையின் சுவரோடு சேர்த்து ஒரு திறந்த அடுப்பு கட்டியிருப்பார்கள். அதில் நெருப்பு மூட்டிச் சுற்றிலும் அமர்ந்து குளிர் காய்வார்கள். இதுவே கணப்படுப்பு. மேலே புகைபோக்கி வழியாகப் புகை வெளியேறும்.

தொடக்கத்தில் இதில் விறகே எரிந்தது. நிலக்கரியை இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள நியூகாசில் பகுதியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தனர். கடல் வழியாக வந்ததால் அதற்குக் 'கடற்கரி' என்றே பெயர். மக்கள் அதன் புகையை வெறுத்தனர். 1257 இல் நாட்டிங்ஹாம் கோட்டையில் தங்கியிருந்த அரசி எலினார், கரிப்புகை தாங்காமல் அந்நகரை விட்டே வெளியேறினார். 1306 ஆம் ஆண்டையொட்டி முதலாம் எட்வர்ட் மன்னர், லண்டன் சூளைகளில் கடற்கரி எரிப்பதற்குத் தடை விதித்தார். தடை நெடுநாள் நிலைக்கவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் லண்டன் வேகமாக வளர்ந்தது. 1500 இல் ஏறத்தாழ 50,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1600 இல் சுமார் 2 இலட்சமாயிற்று. சுற்றிலுமிருந்த காடுகளால் இவ்வளவு பேருக்கு விறகு தர இயலவில்லை. விறகு விலை ஏறியது; நிலக்கரி வீட்டுக்குள் நுழைந்தது. எவரும் விரும்பி இந்த மாற்றத்தைச் செய்யவில்லை. விலைவாசி செய்வித்தது.

அரசாங்கம் கணப்படுப்பைக் கண்டு வருவாய்க்கும் வழி தேடியது. 1662 முதல் 1689 வரை, ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வீதம் அடுப்பு வரி வாங்கப்பட்டது. வீட்டுக்குள் புகுந்து அடுப்பை எண்ணிய அதிகாரிகளை மக்கள் வெறுத்தனர். அந்த வரி ஒழிந்தது. "வீட்டு அடுப்பில் அரசு தலையிடக் கூடாது" என்ற எண்ணம் மட்டும் ஒழியவில்லை.

வீட்டைத் தொடாத சட்டங்கள்

1661 இல் ஜான் ஈவ்லின் என்ற அறிஞர், லண்டன் புகையைப் பற்றி ஒரு நூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்தார். 'ஃபியூமிஃபூஜியம்' என்பது அதன் பெயர். கரி எரிக்கும் தொழில்களை நகருக்கு வெளியே அனுப்ப வேண்டும், நகரைச் சுற்றி மணமிக்க செடிகளை வளர்க்க வேண்டும் என்று அவர் யோசனை கூறினார். சிறந்த நூல்தான். ஆனால் அவர் குற்றம் சாட்டியது பீர் காய்ச்சுவோர், சாயத் தொழிலாளர், சுண்ணாம்புச் சூளைக்காரர் போன்ற தொழில் செய்வோரை மட்டுமே. வீட்டு அடுப்புகளை அவர் குறை கூறவில்லை.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் இதே நிலை நீடித்தது. 1853 இல் லண்டன் புகையைக் குறைக்கச் சட்டம் வந்தது. அது தொழிற்சாலை உலைகளுக்குத்தான். 1891 லும் 1926 லும் வந்த சட்டங்களும் வீடுகளை விட்டுவிட்டன.

வீட்டின் பங்கை எவருமே உணரவில்லை என்று சொல்ல முடியாது. 1880 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனைக் கடும் பனி வாட்டியது. அவ்வாண்டு ரோலோ ரஸ்ஸல் என்பவர் லண்டன் பனியைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் சிறிய தந்தை இவர். நகரின் புகைக்கு முக்கியக் காரணம் வீட்டுக் கணப்புகளே என்று அவர் ஆணித்தரமாக எழுதினார். 1881 இல் தெற்குக் கென்சிங்டனில் புகை தராத அடுப்புகளின் கண்காட்சியும் நடந்தது. மக்கள் வந்து பார்த்தனர்; வீடு திரும்பிப் பழைய கணப்பிலேயே கரியைக் கொட்டினர். செந்தழலைக் கண்ணால் பார்த்து, இரும்புக் கம்பியால் கிளறி விடாவிட்டால், குளிர்காலத்து வீடு வீடாகவே தோன்றாது என்பது அவர்கள் மனநிலை.

1905 இல் டாக்டர் டெஸ் வோ என்பவர், புகையையும் பனியையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து 'ஸ்மாக்' என்ற புதுச் சொல்லை வழக்கில் பரவச் செய்தார். நாம் புகைப்பனி எனலாம். நோய்க்குப் பெயர் கிடைத்தது; மருந்து கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

புகை என்பது வீணான எரிபொருள்

புகைக்கு மருந்து காண வேண்டுமானால் புகை என்பது என்ன என்று தெரிய வேண்டும். நிலக்கரியின் பெரும்பகுதி கார்பன். போதிய ஆக்சிஜனும் போதிய வெப்பமும் இருந்தால் அது முழுமையாக எரிந்து கரியமில வாயுவாகும். திறந்த கணப்பில் இவ்விரண்டும் சரியாக அமைவதில்லை. புதுக் கரியைக் கொட்டியவுடன் அதிலிருந்து தார்ப் பொருள்கள் ஆவியாகின்றன. அவை எரிவதற்குள் குளிர்ந்த காற்று அவற்றைப் புகைபோக்கிக்குள் இழுத்துச் செல்கிறது. எரியாத தாரும் எரியாத கரித்துகளும் சேர்ந்ததுதான் புகை. அதாவது, காசு கொடுத்து வாங்கிய எரிபொருளின் ஒரு பகுதியே புகையாக வெளியே போகிறது.

வெளியே போவது புகை மட்டுமன்று. எரிந்து கிடைத்த வெப்பத்திலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்கே போய்விடும். குடும்பத்துக்குக் கிட்டுவது ஒரு பங்குதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி இதைக் கவனித்தார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்து, புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்கினார். அறைக்குள் வந்த வெப்பம் கூடியது. அறைக்குள் புகுந்த புகை குறைந்தது. எனினும் அடுப்பு திறந்த அடுப்பாகவே நீடித்தது.

தொழிற்சாலைக் கொதிகலனில் காற்றை அளந்து செலுத்தலாம். உயர்ந்த புகைபோக்கி அதன் புகையை மேலே கொண்டுசெல்லும். வீட்டுக் கணப்பில் கட்டுப்பாடு குறைவு. அதன் புகை கூரை மட்டத்திலேயே, மனிதர் மூச்சுவிடும் உயரத்துக்கு அருகிலேயே வெளிப்படும். பிரிட்டனில் எரிந்த நிலக்கரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே வீடுகளில் எரிந்தது. ஆனால் நாட்டின் மொத்தப் புகையில் ஏறக்குறையப் பாதியை வீடுகளே உண்டாக்கின. குறைவாக எரித்து நிறைய கெடுத்தது வீட்டு அடுப்பு.

ஐந்து நாட்கள்

அப்படியானால், எல்லா நாளும் மக்கள் இறந்திருக்க வேண்டும் அல்லவா? வழக்கமான நாளில் தரையையொட்டிய காற்று சூடாக இருக்கும். மேலே செல்லச் செல்லக் குளிரும். சூடான காற்று இலேசானது. ஆதலால் அது மேலெழுந்து புகையையும் உடன் எடுத்துச் செல்லும். தெளிந்த குளிரிரவில் சில சமயம் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடும். தரை விரைவில் குளிர்வதால் கீழே குளிர்காற்றும் மேலே சூடான காற்றும் அமையும். பாத்திரத்துக்கு மூடி போட்டாற்போல மேலடுக்கு கீழ்க்காற்றை அடைத்துவிடும். காற்றும் வீசாவிட்டால் புகை போக இடமில்லை. நம் சென்னையிலும் இதைக் காணலாம். போகி அதிகாலையில் வீடுதோறும் பழம்பொருள்களை எரித்த புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து, 2018 இல் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது.

1952 டிசம்பரில் லண்டன் மேல் இந்த மூடி ஐந்து நாட்கள் கிடந்தது. கடுங்குளிர். ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் வழக்கத்தைவிட அதிகக் கரியைக் கணப்பில் இட்டனர். உலகப் போரால் கடன்பட்டிருந்த பிரிட்டன், நல்ல கரியை ஏற்றுமதி செய்து வந்தது. வீடுகளுக்குத் தாராளமாகக் கிடைத்தது தூளும் துண்டுமான மட்டக் கரி. வானிலைத் துறையின் மதிப்பீட்டின்படி, அந்நாட்களில் நாள் ஒன்றுக்கு 1,000 டன் புகைத்துகள்கள் காற்றில் கலந்தன. கரியிலிருந்த கந்தகம் எரிந்து 370 டன் கந்தக டை ஆக்சைடு ஆயிற்று. அது பனித்துளிகளில் கரைந்து கந்தக அமிலமாக மாறியது. லண்டன் மக்கள் சுவாசித்தது இந்த அமிலப் பனியைத்தான்.

இதில் ஒரு கொடுமையைக் கவனிக்க வேண்டும். குளிருக்கு அஞ்சி ஒருவர் கூடுதலாக இட்ட ஒரு வாளிக் கரி, அவர் அறையைச் சிறிது சூடாக்கியது. ஆனால் ஊரார் அனைவரின் நுரையீரலையும் சிறிது கெடுத்தது. பயன் ஒரு வீட்டுக்கு, கேடு ஊருக்கு. ஆகவேதான் எந்த வீட்டாரும் தாமாக நிறுத்தவில்லை. தாம் ஒருவர் நிறுத்தினால் பனி குறையுமா என்று ஒவ்வொருவரும் எண்ணினர். அந்த எண்ணத்தில் ஒருவகையில் நியாயமும் இருந்தது. தனி மனிதரின் நல்லெண்ணத்தால் மட்டும் தீராத சிக்கல் அது.

சட்டமும் உதவியும்

அரசு தயங்கித் தயங்கி 1953 இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் பொறியாளர் ஹியூ பீவர். கின்னஸ் சாதனைப் புத்தகத்துக்கு வித்திட்டவரும் இவரே. குழுவின் இறுதி அறிக்கை 1954 நவம்பரில் வெளிவந்தது. வீட்டுப் புகையை ஒழிக்காமல் காற்றைத் தூய்மையாக்க முடியாது என்று அது தெளிவாகச் சொன்னது. நாடாளுமன்ற உறுப்பினர் ஜெரால்டு நபாரோ தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்து அரசை நெருக்கினார். 1956 ஜூலையில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

இந்தச் சட்டம் முதன்முறையாக வீட்டு அடுப்பைத் தொட்டது. ஊராட்சி மன்றங்கள் தத்தம் பகுதியைப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே வீடுகளில் சாதாரண நிலக்கரி எரிக்கக் கூடாது. கோக் முதலிய புகையற்ற எரிபொருள், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும்.

ஆணை மட்டும் போட்டிருந்தால் பழைய தடைகளைப் போல இதுவும் தோற்றிருக்கும். சட்டம் இன்னொன்றும் செய்தது. பழைய அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கு பொதுப் பணத்திலிருந்து தரப்பட்டது. வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியது மூன்று பங்கே. ஏழை வீட்டுக்கு மாற்று வழி இல்லாமல், "எரிக்காதே" என்று மட்டும் சொல்வது நியாயமாகாது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

அப்படியும் மாற்றம் மெல்லத்தான் வந்தது. சுரங்கத் தொழிலாளருக்குச் சலுகையாகக் கரி கிடைத்து வந்ததால், சுரங்க மாவட்டங்கள் பல இச்சட்டத்தைச் செயற்படுத்தத் தயங்கின. 1962 டிசம்பரில் மீண்டும் ஒரு புகைப்பனி வந்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1965 இல் வடகடலில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. 1967 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் அடுப்புகள் அதற்கேற்ப மாற்றப்பட்டன. லண்டன் குளிர்காலத்தில் வெயிலைக் கண்டது. கறுத்த கட்டடங்களைக் கழுவியபோது, அவற்றின் உண்மையான நிறத்தை ஒரு தலைமுறை முதன்முறையாகப் பார்த்தது.

கண்ணுக்குத் தெரியாத புகை

கதை இத்துடன் முடிந்திருந்தால் இன்பமான முடிவாக இருந்திருக்கும். ஆனால் எரிவாயு முழுமையாக எரிந்தாலும், மின்சாரத்துக்காக எங்கோ நிலக்கரி எரிந்தாலும், கரியமில வாயு உண்டாகத்தான் செய்யும். அதற்கு நிறமில்லை, நெடியில்லை. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிராம் கரியமில வாயுவாகும். ஆகவே ஒரு கிலோ கார்பன் எரிந்தால் ஏறக்குறைய 3.7 கிலோ வாயு காற்றில் சேர்கிறது.

இந்த வாயு வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும் என்பதை ஜான் டிண்டால் 1859 இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சோதித்துக் கண்டார். காற்றில் அது கூடிவருவதால் பூமி சூடேறுகிறது என்று கை காலண்டர் என்ற நீராவிப் பொறியாளர் 1938 இல் அதே நகரில் கணக்கிட்டுக் காட்டினார். அறிஞர் பலர் அதை நம்பவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. புகைப்பனியைக் காற்று அடித்துச் சென்றுவிடும். கரியமில வாயுவின் ஒரு பகுதி நூற்றாண்டுகள் தங்கும்.

புகையை ஒழிக்க எரிக்கும் முறையை மாற்றினால் போதும். இதற்கு அது போதாது. எரிப்பதையே குறைக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1865 இல் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர், கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் கரிச் செலவு குறையாது, கூடும் என்று எழுதினார். செலவு குறைந்தால் பயன்பாடு பெருகும் என்பது அவர் வாதம். பிரிட்டன் வீடுகளிலும் இதுதான் நடந்தது. கணப்பு காலத்தில் ஓர் அறையைச் சூடாக்கிய குடும்பம், எரிவாயு வந்தபின் வீடு முழுவதையும் சூடாக்கத் தொடங்கியது. ஆயினும் ஜெவன்ஸ் சொன்னது மாற்ற முடியாத விதியன்று. கூரைக்கும் சுவருக்கும் வெப்பக் காப்பு அமைத்து, நல்ல கொதிகலன்களைச் சட்டத்தால் கட்டாயமாக்கிய பின், 2000 களின் நடுப்பகுதியிலிருந்து அந்நாட்டு வீடுகளின் எரிவாயுச் செலவு குறையத் தொடங்கியது. 2023 மே மாதத்தோடு இங்கிலாந்தில் வீட்டுக்கென மரபான நிலக்கரி விற்பது முற்றிலும் நின்றது. 1882 இல் லண்டன் ஹோல்போர்னில் தொடங்கிய நிலக்கரி மின் உற்பத்தி, 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனில் முடிவுக்கு வந்தது.

நம் அடுப்பு எங்கே எரிகிறது?

நம் நாட்டில் கணப்பு இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. விறகடுப்பின் முன் அமர்ந்து சமைக்கும் பெண்களுக்கு 1952 இன் லண்டன் இன்றும் அடுக்களைக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்குள் எழும் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 30 இலட்சம் பேர் இறப்பதாக உலக நல நிறுவனம் மதிப்பிடுகிறது. இவர்களிடம் போய்ச் சிக்கனம் பேசுவது அறிவீனம். இவர்களுக்கு வேண்டியது 1956 சட்டம் தந்ததைப் போன்ற உதவி.

மற்றவர்களாகிய நம் வீட்டிலும் கணப்பு உண்டு. அது வீட்டைவிட்டு வெளியே போயிருக்கிறது, அவ்வளவே. அது நெய்வேலியிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் எரிகிறது. நாம் விசையைத் தட்டும்போது அங்கே நெருப்பு வளர்கிறது. நிலக்கரி மின்நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரி எரிந்து, ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு எழுகிறது. வழியில் கம்பிகளிலும் கொஞ்சம் வீணாகிறது. ஆகவே வீட்டில் மிச்சப்படுத்தும் ஒரு பங்கு, உலையில் மூன்று பங்குக்கு மேல் மிச்சமாகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட்டில் ஓடும் புது வகை விசிறியை நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால், ஆண்டுக்குச் சுமார் 164 யூனிட் மிச்சம். அந்த மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்து வருவதானால், நூறு கிலோவுக்கும் மேற்பட்ட கரி மண்ணிலேயே தங்கும். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. கொதிவந்த பின் தீயைக் குறைத்து மூடி போட்டுச் சமைப்பதும், கூரையின் மேல் வெள்ளையடித்து வெயிலைத் திருப்பி அனுப்புவதும் இதே கணக்கில் சேரும். ஜெவன்ஸின் எச்சரிக்கையையும் மறக்கலாகாது. சிக்கன விசிறி வந்துவிட்டதென்று ஆளில்லாத அறையில் அதைச் சுழலவிட்டால் கணக்குப் பொய்த்துவிடும்.

"என் ஒரு வீட்டால் என்ன ஆகிவிடும்?" என்ற கேள்வி பழையது. லண்டன்வாசி ஒவ்வொருவரும் கரி வாளியைக் கையில் எடுத்தபோது கேட்ட கேள்விதான் அது. வீடுகள் தாமே செய்ய வேண்டியதும் உண்டு. மலிவான நல்ல கருவி, மாற்று மின்சாரம், நேர்மையான விதி என்று அரசிடம் கேட்டுப் பெற வேண்டியதும் உண்டு. இரண்டும் ஒன்றுசேர்ந்தபோதுதான் லண்டன் வானம் வெளுத்தது. முந்நூறு ஆண்டுகள் கழித்து, ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுத்துப் பெற்ற அறிவு அது. நாம் அத்தனை விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.